பாபின் லேஸில் பிழை எங்கே பிறக்கிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சிறு மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களைத் திண்டின் மேல் குண்டூசி குத்திப் பின்னுவது பாபின் லேஸ். இதில் பிழை தெரியும் இடம் ஒன்று, பிழை பிறந்த இடம் வேறு. இது புரியாமல் முதல் ஆறு மாதம் நான் நூலைப் பிரித்துப் பிரித்தே நைந்துபோகச் செய்தேன். ஓட்டை தெரிகிற இடத்திலேயே இழுத்துச் சரிசெய்யப் பார்ப்பேன். கோளாறோ இரண்டு வரிசை மேலே, வேறொரு குண்டூசிக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் இங்கே எல்லாமே அறிகுறியில் தொடங்கி மேல்நோக்கிப் போகும். உங்கள் திண்டில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

நான் எடுத்துக்கொண்டது டார்ஷான் வகை லேஸ். நூல் கொஞ்சம் தடிமன், ஊசி குத்தும் புள்ளிகள் 45 பாகைச் சாய்வில் கட்டம் கட்டமாக வரும், கணக்கு சுலபம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுவே சரி என்பது என் கருத்து. ஹானிட்டன் போன்ற மெல்லிய வகைகளைப் பார்த்து ஆசைப்பட்டு அங்கே தொடங்கினால் பிழையைக் கண்ணால் பிடிக்கவே முடியாது.

முதலில் சொற்களைச் சொல்லிவிடுகிறேன். நூல் சுற்றிய சிறு மரக்குச்சி பாபின். அது எப்போதும் ஜோடியாகத்தான் வேலை செய்யும். வைக்கோலோ ஃபோமோ அடைத்த திண்டின் மேல், துளையிட்ட மாதிரி அட்டையைக் குத்தி வைத்து, அட்டையின் புள்ளிகளில் குண்டூசி செருகிக்கொண்டே பின்னுகிறோம். இரண்டு ஜோடி எடுத்தால் நான்கு நூல். இடமிருந்து 1, 2, 3, 4. நடுவில் இரண்டாவதை மூன்றாவதின் மேல் போட்டால் அது குறுக்கு. இரண்டு ஜோடியிலும் வலது நூலை இடது நூலின் மேல் போட்டால், அதாவது 2ஐ 1இன் மேலும் 4ஐ 3இன் மேலும், அது முறுக்கு. இந்தக் கலை முழுவதற்கும் அசைவு இவ்வளவுதான். குறுக்கு, முறுக்கு என்றால் அரைப் பின்னல். குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்றால் துணிப் பின்னல். எண்கள் இடத்துக்கு உரியவை, பாபினுக்கு உரியவை அல்ல. ஒவ்வொரு அசைவு முடிந்ததும் இடமிருந்து புதிதாக எண்ண வேண்டும். பாபினில் அடையாளம் போட்டுக்கொண்டு "இதுதான் இரண்டாவது" என்று பின்னுகிறவர்கள் கட்டாயம் குழம்புவார்கள்.

தெரிந்தபடிதான் பின்னினேன், ஆனால் ஒரு ஜோடி மிச்சமாக நிற்கிறது

எல்லோருக்கும் வருவது இதுதான். வைர வடிவம் பின்னி முடிக்கும்போது கீழ்முனைக்கு இரண்டு ஜோடிகள் மட்டும் வந்து சேர வேண்டும். மூன்றாவதாக ஒன்று அங்கே தொங்கும். அல்லது வைரத்துக்கு அடுத்து, வடிவங்களுக்கு இடையே வரும் வலைப் பகுதியில் ஒரு புள்ளிக்கு ஜோடியே இருக்காது. இரண்டும் ஒரே பிழைதான், இரண்டு பக்கமிருந்து பார்க்கிறோம்.

வைரத்தின் கணக்கு இப்படிப் போகும். உச்சிப் புள்ளியில் இரு பக்கமிருந்தும் ஒவ்வொரு ஜோடி சந்திக்கிறது. அதன் பிறகு ஒரு ஜோடி மட்டும் இடமும் வலமுமாகப் போய்வர (இதுதான் ஓடும் ஜோடி), ஒவ்வொரு குண்டூசிக்கும் வெளியிலிருந்து ஒரு புதிய ஜோடி உள்ளே வரும். அகலமான நடுப்பகுதி தாண்டியதும் நேர்மாறு: ஒவ்வொரு குண்டூசிக்குப் பிறகும் ஒரு ஜோடியை வெளியே விட்டுவிட வேண்டும். இடப்பக்கம் நான்கு ஜோடி உள்ளே வந்திருந்தால் இடப்பக்கமே நான்கு வெளியே போக வேண்டும். வலத்துக்கும் அதே கணக்கு.

பிழை பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் நடக்கும். கை அதுவரை "சேர், சேர்" என்று பழகியிருக்கும். திருப்பத்தில் விட வேண்டிய முதல் ஜோடியை விடாமல் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் மிச்ச ஜோடி கீழ்முனையில் தெரிந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் ஓரக் குண்டூசிகளை. அங்கிருந்து வெளியே கிளம்ப வேண்டிய நூல் கிளம்பியிருக்கிறதா பாருங்கள். கிளம்பாத இடம் கிடைத்துவிட்டால் அதுவரை பிரியுங்கள், அதற்கு மேல் ஒரு பின்னல்கூடப் பிரிக்க வேண்டாம்.

இது திரும்ப வராமல் இருக்க நான் அட்டையிலேயே நடுப்புள்ளிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுவேன். சிவப்பு வந்தால் கை நிற்கும், எண்ணும்.

பிரித்தால் இன்னும் சிக்காகிறது

பிரிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. கடைசியாகப் போட்டதை முதலில் எடுக்க வேண்டும், அதுவும் எதிர்த்திசையில். முறுக்கைப் பிரிக்க இரண்டு ஜோடியிலும் இடது நூலை வலது நூலின் மேல் போடுங்கள். குறுக்கைப் பிரிக்க நடு இரண்டில் வலது நூலை இடது நூலின் மேல் போடுங்கள். அரைப் பின்னலைப் பிரிப்பதென்றால் முதலில் முறுக்கு, அப்புறம் குறுக்கு.

குண்டூசியை முன்கூட்டியே பிடுங்கிவிடாதீர்கள். அதன் கீழே உள்ள பின்னல் பிரிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஊசி இருக்கும்வரை நூல் எங்கே திரும்பியது என்பதற்கு அது சாட்சி. சாட்சி போய்விட்டால் இரண்டு நூலில் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

எந்த ஜோடி எது என்றே புரியாத நிலை வந்துவிட்டால், கண்ணை பாபின்களில் வைக்காதீர்கள். ஒரு தையல் ஊசியின் மொட்டை முனையை ஒரு நூலின் அடியில் கொடுத்து, பாபினிலிருந்து மேல்நோக்கி, கடைசிக் குண்டூசி வரை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். நூல் லேசாகத் தூக்கிக்கொண்டு வழிகாட்டும். எந்த நூலின் மேல் ஏறுகிறது, எதன் அடியில் நுழைகிறது என்பது அந்தச் சிறு தூக்கலில் தெளிவாகத் தெரியும். நான்கு நூலையும் இப்படிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஊகித்துப் பிரித்தால் ஒரு மாலையே போய்விடும்.

துணிப் பின்னல் சுருங்கி இடுப்புபோல் ஒடுங்குகிறது

துணிப் பின்னலில் ஓடும் ஜோடி குறுக்கே ஊடுபோலப் போகிறது; மற்ற ஜோடிகள் பாவுபோல நேராகத் தொங்க வேண்டும். தறி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஊடை அதிகமாக இழுத்தால் பாவு நெருங்கி, துணி ஒடுங்கும். பலரும் குண்டூசி குத்தியதும் ஓடும் ஜோடியைத்தான் பிடித்து இழுக்கிறார்கள். இறுக்கம் வர வேண்டியது தொங்கும் ஜோடிகளிலிருந்து. குண்டூசி குத்தி, ஓடும் ஜோடியைத் திருப்பி, அடுத்த வரிசையில் ஒன்றிரண்டு பின்னல் போட்ட பிறகு, தொங்கும் ஜோடிகளை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி மெல்ல இழுத்துவிடுங்கள். ஓடும் ஜோடிக்குக் குண்டூசியைத் தொடும் அளவு இறுக்கம் போதும்.

ஓரங்களில் ஓட்டை பெரிதாகத் தெரிந்தால் காரணம் வேறு. ஓடும் ஜோடியை ஊசியைச் சுற்றித் திருப்பும்போது ஒரு முறுக்காவது கொடுத்தீர்களா என்று பாருங்கள். முறுக்கு இல்லாத ஜோடியின் இரண்டு நூலும் ஊசியருகே பிரிந்து நிற்கும்.

அரைப் பின்னலில் ஒரு நூல் நேர்கோடாக இறங்குகிறது

அரைப் பின்னல் பகுதி முழுக்க சாய்வான நூல்களால் ஆன வலை. குறுக்கே ஓடும் ஒற்றை நூல் ஒன்றுதான் கிடையாகப் போகும். அதில் ஒரு நூல் செங்குத்தாக நேரே இறங்கினால் எங்கேயோ முறுக்கு விடுபட்டிருக்கிறது. நேர்க்கோடு தொடங்கும் புள்ளிதான் பிழை. அரைப் பின்னல் தொடங்கும் முன் ஒவ்வொரு ஜோடியும் ஏற்கனவே முறுக்கோடு இருக்க வேண்டும். உள்ளே வரும் புதிய ஜோடியை முறுக்காமல் சேர்த்துவிடுவதுதான் வழக்கமான தவறு.

சிலந்தி தொளதொளவென்று இருக்கிறது

நடுவில் உருண்ட உடலும் இரு பக்கமும் ஜோடிகளாலான கால்களுமாக வரும் வடிவம்தான் சிலந்தி. டார்ஷானின் அழகே அதுதான், அதனால் இங்கே அவசரப்படக் கூடாது. கால்கள் ஒவ்வொன்றுக்கும் முறுக்கு வேண்டும். மூன்று முறுக்கு வழக்கம். எல்லாக் காலுக்கும் ஒரே எண்ணிக்கை. பிறகு இடப்பக்கக் கால்கள் வலப்பக்கக் கால்களுக்கு ஊடாகத் துணிப் பின்னலில் போகும். நடுவில் ஒரு குண்டூசி. மறுபடியும் அதே கால்கள் துணிப் பின்னலில் கடந்து தத்தம் பக்கம் திரும்பும். கடைசியில் மறுபடி மூன்று முறுக்கு.

தொளதொளப்பு வருவது நடு ஊசிக்குப் பிறகு இறுக்காததால். ஊசி குத்தியதும் இடப்பக்க ஜோடிகள் எல்லாவற்றையும் ஒரு கையில், வலப்பக்க ஜோடிகளை மறு கையில் பிடித்து, இரண்டு பக்கமும் விரித்து இழுங்கள். உடல் உருண்டு திரண்டு வரும். இரண்டாம் பாதி முடிந்த பிறகும், கீழே வலைப் பகுதியின் ஊசிகள் விழும்வரை அந்தக் கால்கள் தளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு காலும் தன் அடுத்த ஊசியை அடையும்போது மறுபடி ஒருமுறை இழுத்துவிட வேண்டும்.

ஒரு கால் மட்டும் பட்டையாகத் தெரிகிறதா? அதற்கு முறுக்கு மறந்துபோயிற்று. சிலந்தியின் மேல்பாதிக் கால் என்றால் சிலந்தி முழுவதையும் பிரித்தாக வேண்டும். பிரியுங்கள். அது விட்டால் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும் பிழை.

நேர் ஓரம் அலை அலையாக வருகிறது

துணியோடு சேர்த்துத் தைக்கும் ஓரம் இது. நேராக இல்லாவிட்டால் தைக்கவே முடியாது. இங்கே ஊசி குத்தும் இடம் மற்ற இடம்போல் அல்ல. வலைப் பகுதியிலிருந்து வரும் ஜோடி ஓரத்து ஜோடியோடு பின்னிய பிறகு, அந்த இரண்டு ஜோடிக்கும் நடுவில் ஊசி குத்தக் கூடாது. இரண்டுக்கும் உள்பக்கமாகக் குத்த வேண்டும். அப்புறம், வந்த ஜோடி வெளியே தங்கிவிட, முன்பு ஓரத்தில் இருந்த ஜோடி உள்ளே திரும்பும். வந்ததையே திருப்பி அனுப்பினால் ஓரம் இறுகாமல் வளையம் வளையமாக நிற்கும்.

ஊசி சாய்வும் பார்க்க வேண்டியது. ஓரத்து ஊசிகள் வெளிப்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்தாக நின்றாலோ உள்ளே சாய்ந்தாலோ நூல் ஏறி வழுக்கும், இறுக்க இறுக்க ஊசி நகரும். நேர் ஓரத்தை வலப்பக்கம் வைப்பது இங்கிலாந்து வழக்கம். ஐரோப்பாவின் மற்ற பல இடங்களில் இடப்பக்கம். இரு வகை மாதிரிகளையும் கலந்து பழகுகிறவர்கள் ஒரே பக்கத்தைத் தேர்ந்து அதிலேயே இருங்கள்.

லேஸ் முழுக்கவே ஒல்லியாக, உயிரில்லாமல் தெரிகிறது

பின்னலில் பிழையே இல்லை, ஆனாலும் ஓட்டைதான் அதிகம் தெரிகிறது. அல்லது மாறாக, நெருக்கியடித்து ஊசி குத்தவே இடமில்லை. இது நூலுக்கும் அட்டைக்கும் பொருத்தமில்லாத கோளாறு.

எனக்கு ஒருமுறை இப்படி ஆனது. மாதிரியைப் பிரதி எடுக்கும் கடையில் கொடுத்து எடுத்தேன். ஒரு வாரம் பின்னிய பிறகும் நெருக்கம் தீரவில்லை. கடைசியில் அளவுகோல் வைத்துப் பார்த்தால், 5 செ.மீ. இருக்க வேண்டிய கோடு 4.7 செ.மீ.தான் இருந்தது. தாளுக்குள் அடங்கும்படி இயந்திரம் சுருக்கிவிட்டது. அன்றிலிருந்து அச்செடுக்கும்போது 100 சதவீதம் என்று பார்த்துத்தான் கொடுப்பேன், வந்ததும் அளப்பேன். உங்கள் மாதிரியில் அளவுக்கோடு இல்லையென்றால் அச்செடுக்கும் முன் நீங்களே ஒன்று வரைந்துவிடுங்கள்.

மாதிரியில் சொன்ன நூல் நம் ஊரில் கிடைக்காது என்பதும் உண்மை. மாற்று நூல் தேட ஒரு நல்ல வழி இருக்கிறது. நூலை அளவுகோலின் மேல் இடைவெளி விடாமல், நசுக்காமல், 1 செ.மீ. நிறையும்வரை சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சொன்ன நூலும் உங்கள் நூலும் ஒரே எண்ணிக்கை வந்தால் தைரியமாக மாற்றலாம். நூல் கட்டின் மேலே போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே எண் போட்ட இரண்டு நிறுவன நூல்கள் வேறு வேறு தடிமனில் இருக்கும்.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

எந்த பாபினில் அறுகிறது என்று பாருங்கள். ஒரே பாபினில் திரும்பத் திரும்ப என்றால் அதன் கழுத்தில் பிசிறு இருக்கிறது. விரல்நகத்தால் தடவினால் தட்டுப்படும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. எல்லா பாபினிலும் மாறி மாறி அறுகிறது என்றால் கை இறுக்கம் அதிகம், அல்லது நூல் பழையது.

அறுவதற்கு முன்பே நூல் பிரிந்து பஞ்சுபோல் ஆகிறதா? பின்னும்போதும் நூலை இறக்கும்போதும் பாபின் சுழன்று நூலின் சொந்த முறுக்கு அவிழ்கிறது. அடுத்த முறை பாபினில் எதிர்த்திசையில் சுற்றிப் பாருங்கள்.

அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டு ஒட்டவைக்காதீர்கள். புதிய நூலைச் சற்று மேலே ஒரு ஊசியில் மாட்டி, பழைய நூலோடு சேர்த்து ஒரே நூலாக நினைத்து 2 செ.மீ. அளவு பின்னி, அப்புறம் பழையதைப் பின்புறம் ஒதுக்கிவிடுங்கள். துணிப் பின்னல் பகுதியில் செய்தால் இருந்த இடம் தெரியாது. வலைப் பகுதியில் நூல் தீரும்போல் இருந்தால், அந்தப் பாபின் அடுத்த துணிப் பின்னலுக்குள் வரும்வரை எப்படியாவது இழுத்துக்கொண்டு போங்கள்.

பாபின் சரிந்து தரையைத் தொடுகிறது

பாபினின் கழுத்தில் நூலைப் பிடித்து நிறுத்தும் சுருக்கு நழுவுகிறது. வழுக்கும் நூல் என்றால் சுருக்கை இரட்டையாகப் போடுங்கள். எல்லா பாபினும் பின்னலிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில், ஒரு சாண் அளவுக்குக் குறைவாகத் தொங்கட்டும்.

பென்சிலில் நூல் சுற்றிப் பழகுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை: உருளும். உருண்டால் முறுக்கு தானாகக் கூடும், குறையும். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் பக்கத்து மெல்லிய பாபின்களின் வாலில் மணிகளைக் கம்பியில் கோத்து வளையமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பார்க்க அலங்காரம், வேலை என்னவோ பாபின் உருளாமல் தடுப்பதும் நூலுக்குக் கனம் கொடுப்பதும். பென்சிலின் அடியில் நீங்களும் நான்கைந்து பாசிமணியைக் கோத்துக் கட்டிக்கொள்ளலாம். ஸ்லோவேனியாவின் இத்ரியாவில், 1876 முதல் லேஸ் பள்ளி நடக்கும் ஊரில், உருளைத் திண்டிலிருந்து பாபின்கள் தொங்குகின்றன. அங்கே மணி தேவையில்லை, பாபினின் கனமே போதும். திண்டு தட்டையா உருளையா என்பதைப் பொறுத்துத்தான் பாபின்.

ஊசி இருந்த இடத்தில் பழுப்புப் புள்ளி

துரு. நம் பக்கத்தில் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தக் கலை வேரூன்றிய இடங்களே கடல்காற்று வீசும் ஊர்கள்தான். 1819இல் நாகர்கோவில் வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி போனபோது லேஸ் பின்னலும் அங்கே போனது. இலங்கையின் காலி, வெலிகம கரையோரத்தில் இதே கலைக்குச் சிங்களத்தில் பீரலு என்று பெயர். லேஸைக் குறிக்கும் போர்த்துக்கீசியரின் ரெண்டா என்ற சொல்தான் தமிழில் ரேந்தை ஆனது. இப்படிப்பட்ட காற்றில் அலுவலகக் குண்டூசி ஒரு மழைக்காலம் தாங்காது. துருப்பிடிக்காத எஃகு ஊசி வாங்குங்கள், அல்லது நல்ல பித்தளை ஊசி. வேலையைப் பாதியில் விட்டு வாரக்கணக்கில் ஊர் போவதாக இருந்தால் திண்டை உலர்ந்த பருத்தித் துணியால் மூடிவிட்டுப் போங்கள்.

கறை வந்துவிட்டால், வெள்ளைப் பருத்தி அல்லது லினன் நூல் என்றால் மட்டும், எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து கறையில் வைத்து வெயிலில் காட்டி, பிறகு நன்றாக அலசுங்கள். வண்ண நூலில் இதைச் செய்தால் சாயம் போகும். மொத்த லேஸும் அழுக்கென்றால் மிதமான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரத்தோடு மறுபடி ஊசி குத்திக் காயவைத்தால் வடிவம் திரும்பும்.

ஊசி எடுத்ததும் லேஸ் சுருண்டுவிட்டது

சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள். ஊசி தீர்ந்துபோய்ப் பின்னாலிருந்து பிடுங்கிப் பயன்படுத்துவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் பின்னிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு விரல் நீளத்துக்காவது எல்லா ஊசியும் நிற்கட்டும். ஓரத்து ஊசிகள் இன்னும் அதிக தூரம். முடித்த பிறகு ஓரிரண்டு நாள் திண்டிலேயே விட்டுவைப்பது நல்லது. அதன் பிறகும் சுருண்டால் ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்வுமாகப் பின்னியிருக்கிறீர்கள். மெல்லிய கஞ்சி போட்டு விறைப்பாக்கலாம்தான். ஆனால் பழகும் காலத்தில் வேண்டாம். கஞ்சி போட்டால் கையின் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும், அடுத்த துண்டிலும் அதே வரும்.

முடித்த பிறகுதான் பிழை கண்ணில் பட்டது

லேஸைத் திருப்பிப் போட்டு, ஒரு கறுப்புத் துணியின் மேல் வைத்து, பிழை எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். விடுபட்ட முறுக்கு என்றால் அப்படியே விடலாம், அது அவிழாது. குறுக்கு விடுபட்டு இரண்டு ஜோடிகள் கோக்கப்படாமல் நழுவி நின்றால், அதே நூலால் பின்புறம் ஒரே ஒரு தையல் போட்டு அந்த இரண்டையும் சேருங்கள். முன்புறம் தெரியாது. அப்புறம் அட்டையை எடுத்து, அதே புள்ளிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு வையுங்கள். மாதிரி திரும்பத் திரும்ப வரும்; கை அதே இடத்தில்தான் அடுத்த முறையும் தடுமாறும்.